ஒரு பேஷண்டுக்கு ஒரு ஆள்

அந்தப் பெண் எழுந்து போன பிறகுதான் ரேகா கவனித்தாள். பெஞ்சில் அவள் உட்கார்ந்திருந்த இடம் மட்டும் நனைந்திருந்தது. மழை விட்டு ஒரு வாரம் ஆகிறது. ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே, திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி சாயங்கால வெயிலில் மஞ்சளாகத் தொங்கிக்கொண்டிருந்தது. யாராவது தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள் என்று நினைத்து விரலால் தொட்டுப் பார்த்தாள். பழக்கதோஷம், விரலை மூக்கருகே கொண்டுபோனாள். உப்புத் தண்ணீர். காசிமேட்டில் மீன் விற்கிறவளுக்கு உப்புத் தண்ணீர் ஒரு அதிசயமா? புடவையில் துடைத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் ரேகாவின் பாஸை வாங்கிக்கொண்டு ஐசியுவுக்குள் போய் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

பாஸ் என்றால் மஞ்சள் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அட்டை, கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு நாடா. ஒரு பேஷண்டுக்கு ஒரு பாஸ், ஒரு பாஸுக்கு ஒரு ஆள். மாலை ஐந்து முதல் ஆறு வரை பார்வை நேரம், அதிலும் தலைக்குப் பத்து நிமிடம். மற்ற நேரமெல்லாம் கட்டின புருஷனாக இருந்தாலும் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம்தான். இந்தச் சட்டத்தைப் போட்ட மகராசன் தன் வீட்டு ஆளை உள்ளே படுக்க வைத்துவிட்டு இந்த பெஞ்சில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை என்பது மட்டும் நிச்சயம்.

உள்ளே படுத்திருந்தது ரேகாவின் புருஷன் வெற்றி. விசைப்படகு டிரைவர். கரைக்குத் திரும்பிய படகில், மீனும் ஐஸும் போட்டு வைக்கிற அடி அறையைக் கழுவ அசோகன் என்ற தொழிலாளி இறங்கினான். அவன் மேலே வரவில்லை. அழுகிய மீன் கிளப்பிய விஷக்காற்று. அவனைத் தூக்கப் போன வெற்றியும் அங்கேயே சாய்ந்துவிட்டான். கயிறு கட்டி மேலே இழுத்தபோது வெற்றி அசோகனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தானாம். இரண்டு பேராகச் சேர்ந்துதான் பிரிக்க முடிந்ததாம். கொடுமை என்னவென்றால், அந்த அறையைப் பற்றி ரேகாவுக்குப் பாடம் எடுத்தவனே வெற்றிதான். "நாத்தம் அட்ச்சா பயப்படாதே. அட்ச்சிகினு இருந்த நாத்தம் சட்டுனு நின்னுச்சின்னா அப்பதான் ஓடணும். மூக்கு செத்துப்பூட்ச்சின்னு அர்த்தம். அப்பால ஆளு சாவறதுதான் பாக்கி" என்று சிரித்துக்கொண்டே சொல்வான்.

அசோகனுக்கு உறவு என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. அவன் தாயைச் சுனாமி கொண்டுபோனபோது அவனுக்குத் தத்தித் தத்தி நடக்க மட்டும் தெரியும். அவள் உடம்பு கடைசிவரை கிடைக்கவில்லை. அவனையும் இதே ஐசியுவில், வெற்றிக்கு அடுத்த கண்ணாடி அறையில்தான் போட்டிருந்தார்கள். படகில் கூட வேலை செய்கிறவர்கள் வந்து கையெடுத்துக் கும்பிட்டார்கள். ரத்த சொந்தத்துக்கு மட்டும்தான் பாஸ் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தெரிந்த முகம் ஒன்றைக்கூடப் பார்க்காமலே அவன் போய்ச் சேர்ந்தான். அதற்கு முந்தின நாள், அவன் அறைக் கண்ணாடியை ரேகா தாண்டிப் போகையில், படுக்கையிலிருந்து அவன் கை கொஞ்சம் உயர்ந்து விரல்கள் விரிந்து மூடின. யாரையோ கூப்பிடுகிறாற்போல. அவளுக்கு இருந்ததே பத்து நிமிடம். நிற்காமல் போய்விட்டாள்.

ஒருவேளை அதனால்தான் அந்தப் பெண் வந்து கேட்டதும் மனசு இளகிவிட்டது. இருபத்தைந்து வயதுகூட இருக்காது. பச்சைப் புடவை, செருப்பில்லாத கால், தலைக்குக் குளித்துவிட்டு அப்படியே ஓடிவந்த மாதிரி ஈரக் கூந்தல்.

"அக்கா, எம் புள்ள உள்ள கீறான். என்னாண்ட பாஸ் இல்ல."

"ஏன் இல்ல? உனுக்கு குடுத்திருப்பாங்களே."

"எனுக்கு யாரும் குடுக்கல. உன்னுத குடேன். அஞ்சே நிமிசம்."

ஐசியு வாசலில் காத்துக் கிடக்கிறவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. யார் உள்ளே போனாலும் வெளியே இருக்கிறவர்களின் ஆளையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவார்கள். கண்ணைத் திறந்தாரா, கால் அசைந்ததா, துணி மாற்றியிருக்கிறார்களா என்று வந்து சொல்வார்கள். இதற்கென்று ஒரு பேச்சே இருக்கிறது, காலையில் சாப்பிட்டாயா என்று கேட்கிற மாதிரி எல்லோரும் சொல்வது. அதைத்தான் அவளும் சொன்னாள்.

"உன் ஆள நான் பாத்துக்கிறேன். எம் புள்ளய நீ பாத்துக்க. சரியா?"

"சரி" என்றாள் ரேகா. வேறு என்ன சொல்வார்கள்? நாடாவைக் கழற்றி அவள் கையில் கொடுத்தபோது விரல்கள் பட்டன. ஐஸ் பெட்டியில் கைவிட்டு எடுத்த மாதிரி ஒரு சில்லிப்பு. ஏசி ஹாலில் யாருக்குத்தான் கை சூடாக இருக்கிறது என்று அதையும் விட்டுவிட்டாள்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து ஆயிற்று. கண்ணாடிக் கதவு திறக்கும்போதெல்லாம் ரேகா எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். பச்சைப் புடவை வரவில்லை. ஆறு மணிக்கு வாட்ச்மேன் சைமன் மேசைமேல் இருந்த பித்தளை மணியைத் தட்டி, "டைம் முட்ஞ்சுது, எல்லாம் கெளம்பு" என்று கதவைச் சாத்தினார்.

"அண்ணே, என் பாஸ் வாங்கிகினு ஒரு பொண்ணு உள்ள போச்சே, வெளிய வர்ல."

"வந்திருக்கும்மா. கும்பல்ல நீ பாத்திருக்க மாட்டே. உள்ள இப்ப யாரும் இல்ல."

அன்றைக்கு ரேகா வெற்றியைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்த கலக்கத்தில் பாஸைக் கழுத்தோடு மாட்டிக்கொண்டு போயிருப்பாள், நாளைக்கு வந்து கொடுப்பாள், பாவம், என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் அவள் வாய் திறப்பதற்கு முன்பே சைமன் தலையாட்டினார்.

"வெற்றிக்கா? ஆள் உள்ள கீதே."

"யாரு உள்ள கீது? நான் இங்க நிக்கிறேன்."

"பச்சப் பொடவ. உங்க வூட்டுப் பொண்ணுதானே? கொட கிட எடுத்துனு வரச் சொல்லும்மா. அது நடந்துபோற எடமெல்லாம் தண்ணி. தொடச்சி தொடச்சி ஆயாக்கு இடுப்பு வுட்டுப்போச்சு."

வெளியே அன்றும் வெயில்தான். கதவுக்கு அப்பால், வெளிறிய தரையில், ஈரத் தடங்கள் வளைந்து வெற்றியின் அறைப்பக்கம் போயிருந்தன. உள்ளே போன தடங்கள் மட்டும். ரேகா அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தத்தில் மூன்றாவது மாடியே கூடிவிட்டது. காசிமேட்டு ஏலத்தில் கத்திப் பழகிய தொண்டை, சும்மா போகுமா? சுவரில் 'நோயாளிகளின் உரிமைகள்' என்று பெரிய எழுத்தில் போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பலகை மாட்டியிருந்தார்கள். அதன்மேல் விரலை வைத்துக் குத்தினாள். "இத்த யாருக்கு மாட்டி வெச்சிகீறீங்க? நோயாளி விரும்பும் உறவினரைச் சந்திக்க உரிமை உண்டுன்னு நீங்களே எழுதிகீறீங்க. நான் தாலி கட்னவ. என்ன வுட மாட்டேன்ற, எவளோ ஒருத்திய வுட்ற?"

மேனேஜர் என்று ஒரு கழுத்துப்பட்டைக்காரர் வந்தார். குரலை உயர்த்தாமல் பேசுகிற ரகம். "அம்மா, உரிமை உண்டு. யாருக்கு உண்டு? நோயாளிக்கு. உங்களுக்கு இல்லை. அவர் தனியா இல்லையே, அவருக்கு ஆள் வந்திருக்காங்க. பாஸ் உங்க குடும்பத்துக்கு ஒண்ணு கொடுத்தாச்சு. அதை யார் வச்சிருக்கறதுன்னு நீங்க உங்களுக்குள்ள பேசி முடிச்சுக்குங்க." அவ்வளவுதான். கேட்டைச் சாத்திவிட்டுப் போகிற மாதிரி போய்விட்டார்.

ரேகா பெஞ்சில் வந்து விழுந்தாள். பக்கத்தில் இருந்த பதுருன்னிசா டீ கப்பை நீட்டினார். புளியந்தோப்புக்காரர், தம்பியை உள்ளே போட்டுவிட்டு மாதக்கணக்காக அந்த பெஞ்சிலேயே குடித்தனம் நடத்துகிறவர்.

"அவளாண்டயா பாஸ் குடுத்தே?" என்றார் மெதுவாக. "என்னாண்டயும் வந்து கேட்டாம்மா. எம் புள்ள உள்ள கீறான்னா. இங்க சின்னப் புள்ளைங்கள சேக்கறதே இல்லியே, இதுக்கு இன்னா வயசு, இதுக்கு எவ்ளோ பெரிய புள்ள இருக்க முடியும்னு எனுக்கு ஒரு மாதிரி ஆய்ட்ச்சு. உம் புள்ள பேரு இன்னான்னு கேட்டேன்."

"இன்னா சொன்னா?"

பதுருன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். "சொல்றதுக்கு வாயத் தொறந்தா. பேரு வர்ல. தண்ணி வந்துது. வாயிலேர்ந்து. கொழாய் மாதிரி வந்துகினே இருந்துச்சு. நான் எழுந்து பாத்ரூமாண்ட ஓடிட்டேன். அல்லா சத்தியமா சொல்றேன், நீ அவளாண்ட சரின்னு சொல்லிருக்கக் கூடாது."

டீ ஆறிப்போனது. ரேகா குடிக்கவில்லை.

பார்வை நேரம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு நர்ஸ் ஐரீன் வெளியே வந்தாள். ராயபுரத்துப் பெண், தினமும் வெற்றிக்கு முகம் துடைத்துத் தலை வாரிவிடுகிறவள், அவனுக்காக மாதாகோயிலில் மெழுகுவத்தி ஏற்றியவள். ரேகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐரீனு, உள்ள யாரும்மா குந்தினுகீறது?"

"உங்க நாத்தனார்னு நெனச்சேன்க்கா." ஐரீன் பின்னால் திரும்பிக் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "டைம் ஆச்சுன்னு சொன்னா எழுந்துக்கறாங்க. நான் மருந்து எடுக்கத் திரும்பினா மறுபடி ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. நேத்து ராத்திரி டியூட்டில இருந்தவளும் அதையேதான் சொல்றா. டாக்டர்கிட்ட சொன்னேன். அண்ணன் அவங்க கையை விடமாட்டேங்கறார், பேஷண்ட் ஆசைப்படறார், விட்டுருன்னுட்டார்."

"அவுரு எப்டி கீறாரு?"

"அமைதியா இருக்கார்க்கா. முன்னெல்லாம் மயக்கத்துலயும் இமையை அசைச்சு அசைச்சு உங்களைத் தேடுவார். இப்ப தேடறதில்ல." கொஞ்சம் தயங்கினாள். "பிரஷர்தான் எறங்கிட்டே இருக்கு. அவங்க கையைப் பிடிச்சதுலேர்ந்து."

ரேகாவுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபத்துக்கு அடியில் பயம். வெற்றி தன்னைத் தேடுவதில்லை என்ற ஒரு சொல்லையே மனசுக்குள் திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். பத்து நிமிடம்தான் என்றாலும் அந்தப் பத்து நிமிடமும் அவன் வலது கையைத்தான் பிடித்துக்கொண்டிருப்பாள். வலை இழுக்கிற வின்ச்சில் மாட்டிச் சுண்டுவிரலில் பாதி போன கை. அந்த மொட்டை விரலை அவள் தன் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருப்பாள். மெஷின் மூச்சு விட, மயக்கத்தில் கிடந்தாலும், அந்த இடத்தைத் தொட்டால் அவன் இமை துடிக்கும். அவன் இன்னும் இருக்கிறான் என்பதற்கு அவளுக்குத் தெரிந்த அத்தாட்சி அது ஒன்றுதான்.

"என்ன ஒரு தபா உள்ள வுடும்மா. எனுக்கு பாஸ் வேணா. அவள அந்த ஸ்டூல்லேர்ந்து நான் எழுப்பிக்கிறேன்."

ஐரீன் மறுபடி கதவைத் திரும்பிப் பார்த்தாள். வேலை போனாலும் போகும். "நாளைக்கு ஆறு மணிக்கு அண்ணனை ஸ்கேனுக்குக் கீழ எறக்கறாங்க. அதுக்கு முன்னாடி, பின்பக்கப் படிக்கட்டு வழியா வாங்க. துணி எடுத்துட்டுப் போற கதவு ஒண்ணு இருக்கு, தாழ்ப்பாளை எடுத்து வைக்கிறேன். அஞ்சு நிமிஷம்தான்க்கா."

அஞ்சு நிமிசம் என்ற சொல் ரேகாவின் காதில் எங்கேயோ இடறியது. ஆனாலும் தலையாட்டினாள்.

மறுநாள் மத்தியானமே வானம் இருண்டுவிட்டது. துறைமுகத்துக் கிரேன்களின் விளக்குகளை நாலு மணிக்கே போட்டுவிட்டார்கள். எண்ணூர்ப் பக்கமிருந்து கரிப்புகையும் கடல் காற்றும் கலந்து அடிக்க, ரேகா ஆஸ்பத்திரியின் பின்புறம் வந்து சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த புடவையோடு பின்பக்கப் படிக்கட்டில் ஏறினாள். ஃபினாயில் நாற்றம், கேன்டீன் சாம்பார் கொதிக்கிற வாசனை, சுவர் ஊறிய ஈர வாடை, எங்கேயோ ஒரு குழாய் சொட்டுகிற ஒலி. அவளுடைய செருப்பின் சதக் சதக் என்ற சத்தம் மட்டும் மாடிக்கு மாடி எதிரொலித்துக்கொண்டு மேலே போயிற்று. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் நின்றாள். செருப்புச் சத்தமும் நின்றது. ஆனால் ஒரு கணம் தாமதமாக நின்றது.

அங்கேதான் அந்த நாற்றம் முதலில் வந்தது. அழுகின முட்டை மாதிரி, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்கிற நாற்றம். மீன் நாற்றமென்றால் ரேகாவுக்குச் சோறு போடுகிற நாற்றம், அதில் அவளுக்குப் பயமில்லை. இது வேறு. அதிக நாள் மூடிக் கிடந்த படகின் அடி அறையைத் திறந்தால் வருவது. வெற்றியைத் தூக்கிவந்த அன்று அவன் சட்டையில் இருந்தது. படிக்குப் படி அது கூடிக்கொண்டே போனது. நாத்தம் அட்ச்சா பயப்படாதே என்று அவள் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டாள். அட்ச்சிகினு இருக்கிற வரைக்கும் பயமில்ல.

மூன்றாவது மாடிக் கதவில் கை வைத்தபோது கரண்டு போனது.

ஆஸ்பத்திரி முழுவதும் ஒரே மூச்சில் ஓய்ந்தது. ஏசி இரைச்சல் நின்றது. விளக்குகள் செத்தன. முன்பக்கம் யாரோ ஜெனரேட்டர், ஜெனரேட்டர் என்று கத்தினார்கள். சக்கரங்கள் உருண்டன, காலடிகள் ஓடின, கதவுகள் அடித்துக்கொண்டன. ரேகா தள்ளினாள். ஐரீன் சொன்னபடி தாழ்ப்பாள் போடவில்லை.

உள்ளே கண் தெரியாத இருட்டு. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். தரை வழுக்கியது. இடதுபுறம் முதல் கண்ணாடி, அசோகன் கிடந்த அறை. காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் தாண்டினாள். அடுத்தது வெற்றியின் அறை. கதவு திறந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே மின்னல் ஒன்று வெட்டியதில், கட்டில் ஓரத்து ஸ்டூல் தெரிந்தது. யாரும் இல்லை. போய்விட்டாள்!

ரேகா உள்ளே போனாள். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஸ்டூல் ஈரம். இருக்கட்டும். இருட்டில் துழாவிப் போர்வைக்கு அடியில் கையைத் தேடினாள். கிடைத்தது. இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்யா. ரேகா. வந்துட்டேன்யா. இவனுங்க வுட மாட்டேன்ட்டானுங்கய்யா."

கை அவள் கையை அழுத்தியது.

அவளுக்கு நம்பவே முடியவில்லை. இத்தனை நாளில் இமை துடித்ததோடு சரி, அவளுக்காக ஒரு தடவைகூட விரல் மடங்கியதில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மெஷினின் புஸ் புஸ் சத்தம் இல்லை. கரண்டு போனதில் அதுவும் நின்றிருக்க வேண்டும். ஆனாலும் கட்டிலில் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஈரமாக, நிதானமாக, ஆழமாக இழுத்து விடுகிற மூச்சு. தானாக மூச்சு விடுகிறான்! மாதாகோயிலில் ஐரீன் ஏற்றிய மெழுகுவத்தி வீண்போகவில்லை. ரேகா அந்தக் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"பொழச்சிகினயா. அது போதும். வூட்டுக்குப் போயிடலாம். நாளைக்கே போயிடலாம்."

கை இன்னும் கொஞ்சம் இறுக்கியது. சில்லென்றிருந்தது. ரொம்ப நேரம் ஏசியில் கிடந்த உடம்பு. அவள் அதைச் சூடாக்கத் தேய்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். இன்னொரு தடவை உறிஞ்சினாள்.

நாற்றம் இல்லை.

படியிலிருந்து கூடவே வந்த நாற்றம். தொண்டையை அடைத்த நாற்றம். இல்லை. ஃபினாயில் இல்லை. மருந்து வாடை இல்லை. தன் நனைந்த புடவையின் வாசம்கூட இல்லை. ஒன்றுமே இல்லை.

எழுந்து ஓட வேண்டும். வெற்றி சொன்னது அதுதான். ஓட வேண்டும்.

கட்டைவிரல் தானாக நகர்ந்தது. பழக்கம். மொட்டை விரலைத் தேடிப் போனது. மோதிர விரலைத் தாண்டியது. சுண்டுவிரல். முதல் கணு. இரண்டாவது கணு. அதற்கு மேலும் விரல் இருந்தது. நகம் இருந்தது. முழு விரல்.

இடது கையாக இருக்கும். இல்லை. வலது பக்கம்தான் உட்கார்ந்திருக்கிறாள். வலது கைதான்.

எங்கேயோ கீழே ஜெனரேட்டர் உறுமியது. அறைக்குள் வெளிச்சம் வரவில்லை. கண்ணாடிக்கு அப்பால் தாழ்வாரத்தில் மட்டும் ஒரு குழல்விளக்கு இமைத்து இமைத்து எரிந்தது. லிஃப்ட் வாசலில் ஒரு தள்ளுகட்டில். தலைமாட்டில் ஐரீன், கையில் ரப்பர்ப் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டு. ஸ்கேனுக்குக் கொண்டுபோகிறார்கள். கட்டிலில் கிடந்தது வெற்றி. ரேகாவின் வெற்றி. ஓரத்தில் தொங்கிய அவன் வலது கை தெரிந்தது. பாதிச் சுண்டுவிரல் தெரிந்தது. பின்பக்கமாக வந்தால் முதலில் வருவது வெற்றியின் அறை என்பது அப்போதுதான் உறைத்தது; அவள் உட்கார்ந்திருந்தது அசோகனின் அறையில்.

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு பச்சைப் புடவைக்காரி கூட நின்றாள். கூந்தலிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கழுத்தில் மஞ்சள் பாஸ்.

ரேகா கத்தினாள். வாய்தான் திறந்தது. ஐரீன் நிமிரவில்லை.

பச்சைப் புடவைக்காரி மட்டும் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடி வழியாக, நேராக. ஐசியு வாசலில் ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்துத் தலையசைப்பாளே, அதேபோல மெதுவாகத் தலையசைத்தாள். லிஃப்ட் திறந்தது. கட்டில் உள்ளே போனது. வெற்றியின் காலும், இடுப்பும், கடைசியாக அந்தப் பாதி விரலும் மறைந்தன. கதவு மூடியது.

தூரத்தில் சைமன் மணியைத் தட்டினார். "டைம் முட்ஞ்சுது, எல்லாம் கெளம்பு." தாழ்வாரத்து விளக்கை யாரோ அணைத்தார்கள்.

ரேகா கையை இழுத்தாள். வரவில்லை. உப்புத் தண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்து முழங்கைக்கு இறங்கியது. கட்டில் முனகியது. அதில் கிடந்தது மெல்ல அவள் பக்கமாகப் புரண்டு படுத்தது. ஈர மூச்சு அவள் கழுத்தில் பட்டது. வெகுநாள் காத்திருந்த பிள்ளை வந்த ஆளைப் போகவிடாமல் கட்டிக்கொள்வதுபோல, போர்வைக்குள்ளிருந்து இன்னொரு கையும் வந்து அவள் கையின்மேல் படிந்து, விரல் விரலாக மூடிக்கொண்டது.